மூன்றாவது சிலிண்டரும் வலது பக்கச் சீட்டும்

விமான எஞ்சின் என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு இறக்கைக்கடியில் தொங்கும் அந்தப் பெரிய பீப்பாய்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது அது இல்லை. இரண்டு பேர் மட்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரக்கூடிய ஒரு பயிற்சி விமானத்தின் மூக்கில் இருக்கும் எஞ்சின். நாலே சிலிண்டர். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, படுத்த வாக்கில். அப்பா அதை முதல்முறை பார்த்துவிட்டு, நம்ம மாருதியிலும் நாலுதானே, இதுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்டார். கேட்டது மாமாவிடம். மாமா சிரித்துக்கொண்டார். அது அவர்கள் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலம்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு உறவுமுறை வெளியாட்களைக் கொஞ்சம் குழப்பும்: எனக்கு அவர் மாமா, அவருக்கு என் அப்பா மாமா, அப்பாவுக்கு அவர் மச்சான். ஆம்பூரில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருப்பார்கள், மீதிப் பேர் ஷூ கம்பெனியில். இவர் ஒருவர்தான் சென்னைக்குப் போய் விமானப் பராமரிப்பு படித்தார். படித்து முடிக்கும்வரை அவர் பைலட் ஆகப்போகிறார் என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் அதை ரொம்ப மறுத்ததாகத் தெரியவில்லை. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, நக இடுக்கெல்லாம் கறுப்பு கிரீஸோடு ஊருக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பெரியம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நீ ஓட்ட மாட்ட, தொடைக்கிறது மட்டும்தானா?" என்று கேட்டார்.

வேலூருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுதளத்தில் அப்போது தனியார் பயிற்சிப் பள்ளி ஒன்று நடந்துகொண்டிருந்தது. பள்ளி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஆபீஸ் அறை, இரண்டு விமானங்கள். ஒன்று பறக்கும். இன்னொன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிரந்தரமாக நிற்கும்; அதன் வாலுக்குள் குருவி குடும்பம் நடத்தியது. மாமா அங்கே சேர்ந்து, எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி, தினமும் பைக்கில் போய் வந்தார். இந்தத் தொழிலில் முக்கியமான ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் யார் எதைக் கழற்றி மாட்டினாலும், கடைசியில் லைசென்ஸ் உள்ளவர் 'பறக்கலாம்' என்று கையெழுத்து போட்டால்தான் விமானம் கொட்டகையை விட்டு வெளியே போகும். அந்தப் பள்ளியில் அந்தக் கையெழுத்து மாமாவுடையது. முதலாளிகூட அதை மீற முடியாது. மீற முடியாது என்பது முதலாளிக்குப் பிடிக்காது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. வீட்டில் என் தொல்லை தாங்காமல் அம்மா என்னை வாரத்தில் சில நாள் மாமாவோடு அனுப்பிவிடுவாள். கொட்டகைக்குள் எனக்குத் தொடக்கூடாதவை ஒரு நூறு இருந்தன. ஆனால் பார்க்கக்கூடாதது என்று ஒன்றுமில்லை. சிலிண்டர்களைச் சுற்றி மெல்லிய உலோக இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கிறது என்பதற்காக. பழைய ஆயிலை வடித்தபிறகு, அதன் ஃபில்டரை மாமா தூக்கிப் போடமாட்டார். டப்பாவை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளைப் பாவாடை விரிப்பது போல விரித்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். மினுமினுப்பாக ஏதாவது தெரிந்தால் எஞ்சினுக்குள் எதுவோ தேய்கிறது என்று அர்த்தம். மினுமினுப்பு தெரியவேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொள்வேன். ஒருநாளும் தெரிந்ததில்லை.

அந்தக் கோடையில் மாமா எஞ்சினுக்கு ஒரு புது ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அது முடிந்ததும் என்னை விமானத்தில் ஒரு சுற்று அனுப்புவதாகச் சொன்னார். கேப்டனிடம் பேசியாகிவிட்டது, வலது பக்கச் சீட்டு உனக்கு, என்றார். கேப்டன் என்பது அங்கே பறக்கச் சொல்லிக்கொடுத்த வயதானவர்; விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான், நான் தெருவுக்கே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு பாய் மகளிடம், உங்கள் மாடிக்கு மேலே வரும்போது கையாட்டுவேன், நிமிர்ந்து பார் என்றேன். பாலாறு, பள்ளிகொண்டா கோபுரம், ஆம்பூர் பைபாஸ் என்று வழியையும் நானே முடிவு செய்துவிட்டேன். வானத்தில் அவ்வளவு தூரம் போக அனுமதி வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

மாமாவின் புது ஏற்பாடு இதுதான். பழைய விமானத்தில் எஞ்சின் சூட்டைக் காட்ட ஒரே ஒரு முள். அதுவும் ஒரு சிலிண்டரின் சூட்டை மட்டும் காட்டும். மற்ற மூன்றும் அதே அளவில் இருக்கும் என்பது ஒரு நம்பிக்கை. வகுப்பில் ஒரு பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று சொல்வது மாதிரி. மாமா முதலாளியை விடாமல் நச்சரித்து, நாலு சிலிண்டருக்கும் தனித்தனி சென்சாரும், நாலு பட்டைகள் காட்டும் ஒரு சின்னத் திரையும் வாங்க வைத்தார். அதற்குரிய அனுமதி எல்லாம் வந்து, மாட்டி முடித்து, முதல்முறை எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, மூன்று பட்டைகள் ஒழுங்காக ஒரே உயரத்தில் நின்றன. மூன்றாவது சிலிண்டரின் பட்டை மட்டும் பிரேயர் வரிசையில் நிற்கும் நெட்டைப் பையன் மாதிரி மற்றவற்றுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

முதலாளி வந்து திரையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா ஒரு முள்ளோட ஓடுச்சி, ஒண்ணும் ஆவல. நீ மீட்டர் போட்ட, சூடு வந்துச்சி. மீட்டர கழட்டிடு."

மாமா கழற்றவில்லை. விமானத்தை நிறுத்திவைத்தார். மூக்கில் சுழலும் காற்றாடியில் ஒரு சிவப்புத் துணிப்பட்டை கட்டித் தொங்கவிட்டார். அது தொங்கினால் யாரும் எஞ்சினைக் கிளப்பக்கூடாது. என் பயணமும் அதோடு சேர்ந்து தொங்கியது.

மாமா சிலிண்டரின் உள்பக்கத்தை முதலில் சோதித்தார். அழுத்தம் சரியாக இருந்தது, பிளக் சரி, பெட்ரோல் போகும் வழி சரி. மிச்சம் இருந்தது காற்று. இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. முன்னால் இருந்து வரும் காற்று சிலிண்டர்களின் இதழ்களுக்கு நடுவே புகுந்து வெளியேறினால்தான் சூடு தணியும். காற்று வேறு வழியில் தப்பிக்காமல் இருக்கச் சுற்றிலும் தகடுகள் உண்டு. தகட்டுக்கும் எஞ்சின் மூடிக்கும் நடுவில் விழும் இடைவெளியை அடைக்க, தகட்டின் விளிம்பில் வளைந்துகொடுக்கும் ஒரு ரப்பர் பட்டை. அந்தப் பட்டை மூன்றாவது சிலிண்டருக்குப் பின்னால் காய்ந்துபோய், நுனி மடங்கிக் கிழிந்திருந்தது. காற்று அந்த ஓட்டை வழியே ஓடிக்கொண்டிருந்ததா, இல்லை சூட்டுக்கு வேறு காரணமா என்பது பட்டையை மாற்றினால்தான் தெரியும். அந்தப் பட்டை அதற்கென்று செய்யப்பட்டு, அதற்குரிய சான்றிதழோடு வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். வரும் என்று சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

பள்ளியில் மாணவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பறக்கும் விமானமே ஒன்றுதான், அதுவும் நின்றுவிட்டது. டயர் கடையில் ரப்பர் வாங்கி ஒட்டு என்றார் முதலாளி. மாமா மாட்டேன் என்றார். அன்றைக்கு முதலாளி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவர் கத்தாமல், டீ குடித்துக்கொண்டே சொன்னார். "உனக்குக் கையெழுத்து வரலன்னா பரவால்ல தம்பி. கையெழுத்து வர்றவன் பெங்களூர்ல இருக்கான்."

மாமா இதை வீட்டில் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் பிரியாணிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் இருந்தபோது சொன்னேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பா மட்டும் உற்சாகமாகிவிட்டார். இவ்வளவு பெரிய பிரச்சினைக்குக் காரணம் ஒரு சாண் பட்டை என்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.

அப்பா தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர். வெல்டிங் வேலை செய்கிறவர்கள் கையில் மாட்டும் உறைக்கும், நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் ஷூவுக்கும் அங்கே தோல் போகும். "தீப்பொறி விழுந்தாலே தாங்குது மச்சான், காத்த அடைக்காதா?" என்றார். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, பீரோவுக்கு மேலே சுருட்டி வைத்திருந்த சாம்பிள் தோல்களில் ஒன்றை எடுத்துவந்தார். சாம்பல் நிறம், மெத்தென்று இருக்கும். அதில் ஒரு துண்டு வெட்டி, பேனாவால் ஓரத்தை ஒரு தாளில் வரைந்து, அம்மாவின் பால் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீருக்குள் போட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் இது தெரியாதவர்கள் கிடையாது. தோல் சரியாகப் பதமாகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போடுவார்கள். பதமாகாத தோல் சுருங்கிச் சுருண்டுவிடும். பதமானது போட்ட மாதிரியே இருக்கும். அப்பா அதை எடுத்து, தாளில் வரைந்த கோட்டின் மேல் வைத்தார். கோட்டுக்குக் கோடு சரியாக உட்கார்ந்தது. அம்மா பாத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், யாரும் கேட்கவில்லை.

மாமா அந்தத் துண்டைக் கையில் வாங்கி மடக்கினார், விரித்தார், இழுத்தார், மூடியில் உரசுவது போல விரலால் உரசிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்று எனக்கே தெரிந்தது. விமானம் தரையில் நிற்கும்போது மட்டும் போட்டுப் பார்க்கலாம், காற்றுதான் காரணமா என்று அதில் தெரிந்துவிடும், என்றார். அப்பா காதில் 'போட்டுப் பார்க்கலாம்' என்பது மட்டும்தான் விழுந்தது. என் காதிலும் அவ்வளவுதான் விழுந்தது.

அன்றே சாயங்காலத்துக்குள் கொட்டகைக்குப் போய்விட்டோம். அப்பா தன் வளைந்த கத்தியைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அந்தக் கொட்டகையில் அப்பாவை அதுவரை யாரும் ஒரு ஆளாகப் பார்த்ததில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற ஆள், அவ்வளவுதான். அன்றைக்கு எல்லோரும் சுற்றி நின்றார்கள். தோலில் முதுகுப் பக்கம் எது, வயிற்றுப் பக்கம் எது என்று தடவியே சொன்னார். வயிற்றுப் பக்கம் இழுக்கும், ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, முதுகு வாக்கில் ஒரே வீச்சில் பட்டையை அறுத்தார். மாமா பழைய பட்டையைக் கழற்றி இதைப் பொருத்தினார். மூடியைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, விமானத்தைக் கயிற்றால் கட்டி, சிவப்புத் துணியை அவிழ்த்து எஞ்சினைக் கிளப்பினார்கள். நான் காதில் பெரிய உறைகளை மாட்டிக்கொண்டு, தூரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எஞ்சினை நிறுத்திவிட்டு மாமா இறங்கி வந்தார். திரையில் நாலு பட்டையும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கிறது, மூன்றாவது ஒரு விரல்தான் உயரம் என்றார். முதலாளி அப்பாவின் தோளைத் தட்டினார். ஒரு மாணவன் கைகூடத் தட்டினான். முதலாளி அங்கேயே நின்று போனில், நாளையில் இருந்து பறக்கலாம் என்று யாருக்கோ சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் என்ன உடை போடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மாமா திருப்புளியை எடுத்து மூடியை மறுபடியும் திறந்தார். தோல் பட்டையைக் கழற்றினார். ஆயில் கறையைத் துணியால் துடைத்து, அழகாகச் சுருட்டி, அப்பாவின் கையில் கொடுத்தார். பிறகு சிவப்புத் துணியைப் பழையபடி காற்றாடியில் கட்டினார். முதலாளி போனைக் காதில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா பண்ற?" என்றார் அப்பா.

"காத்துதான் காரணம்னு தெரிஞ்சிபோச்சி மாமா. இனிமே பட்டை வந்ததும் போட்டா போதும். சிலிண்டர திறக்கவே வேணாம். உங்களாலதான் தெரிஞ்சிது."

"இதுக்கு இன்னா கொறை?"

"ஒரு கொறையும் இல்ல. நல்லாருக்கு. ஆனா மேல எத்தினி மணி நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

அப்பா கையில் இருந்த சுருளைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் மெதுவாக வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பஸ்ஸில் ஒரு அனுபவம் உண்டு. தொழிற்சாலை ஷிஃப்ட் விட்டு ஏறினால் பக்கத்தில் இருப்பவர் தோல் வாடைக்குக் கைக்குட்டையை எடுப்பார், இல்லை எழுந்து வேறு இடத்தில் போய் நிற்பார். அப்பாவுக்கு அதில் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"தோலுன்னா உனக்குக் கேவலமா போச்சி, இல்ல? இந்தத் தோலுதான்டா உன்னப் படிக்க வெச்சுது."

மாமா சிவப்புத் துணியின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நான் முழுக்க அப்பா பக்கம். இவ்வளவு நல்ல பட்டை, அளவெடுத்துச் செய்தது, வேலையும் செய்கிறது, எல்லோர் முன்னாலும் கழற்றிக் கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது. போதாக்குறைக்கு என் பயணமும் போய்விட்டது. நாங்கள் திரும்பும்போது பைபாஸில் மாதனூர் தாண்டும்வரை அப்பா அந்தச் சுருளை மடியிலேயே வைத்திருந்தார். மாமா தனியாகப் பைக்கில் பின்னால் வந்தார், எங்களை முந்தவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் என் வேலை அதிகமாகிவிட்டது. ஒரே மேசையில், ஒரு கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, உங்க மாமாவுக்குக் குழம்பு வேணுமா கேளு என்பார் அப்பா. வேணாம்னு சொல்லு என்பார் மாமா. நான் இரண்டு பேருக்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்வேன். சில சமயம் மாற்றியும் சொல்வேன். மாமா வேண்டாம் என்றால், இன்னும் ரெண்டு கரண்டி வேணுமாம் என்று சொல்லிவிடுவேன். இரண்டு பேரும் மறுக்க முடியாமல் தவிப்பார்கள். மாமாவின் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

அம்மா எந்தப் பக்கமும் சேரவில்லை. தம்பியைத் திட்டவில்லை, புருஷனையும் சமாதானப்படுத்தவில்லை. தோல் பட்டை பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ஒருநாள் மாடியில் அவளும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். வேலையை விட்டுட்டு வேற எதுனா பாரேன், என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது. முதலாளிக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பெங்களூர்க்காரர் உண்மையிலேயே ஒருமுறை வந்து பார்த்தாராம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மாமாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, பட்டை வரட்டும் என்று சொல்லிப் போய்விட்டாராம். இதையும் மாமா சொல்லவில்லை. கொட்டகைக் காவலாளி சொன்னார்.

பட்டை வந்தபோது பள்ளிக்கூடம் திறந்து புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாகிவிட்டது. செங்கல் நிறத்தில், உள்ளே துணி வைத்த ரப்பர். அதைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பாவின் தோல் இதைவிட அழகு. மாமா இரண்டு நாள் அதோடு உட்கார்ந்தார். தகட்டைச் சுற்றி முழுப் பட்டையையும் மாற்றி, ஒவ்வொரு மடிப்பும் காற்று வரும் பக்கம் சாய்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, தரையில் ஓட்டிப் பார்த்து, கையெழுத்து போட்டார். சனிக்கிழமை காலையில் பறக்கப்போகிறது, வேண்டுமானால் வாங்க என்று அம்மாவிடம் சொன்னார்.

வேண்டுமானால் என்ற வார்த்தை எனக்குப் புரியவில்லை. நான் இல்லாமல் எப்படிப் பறக்கும்? ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த ஜிகினா வைத்த சுரிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பாள். அன்று கவனிக்கவே இல்லை. அப்பா தனக்கு வேலூரில் ஒருவரைப் பார்க்கவேண்டி இருப்பதாகவும், போகிற வழியில் எங்களை இறக்கிவிடுவதாகவும் சொன்னார். இறக்கிவிட்டவர் போகவில்லை. வேலி ஓரம் மாருதியின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

விமானத்தை வெளியே தள்ளினார்கள். கேப்டன் சுற்றி வந்து பார்த்துவிட்டு இடது பக்கம் ஏறினார். நான் என் கூந்தலைச் சரிசெய்துகொண்டு, மாமா என்னைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். மாமா தன் கையைத் துணியில் துடைத்தார். பையில் இருந்த போனையும் சாவியையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பிறகு வலது பக்கக் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, என் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

எனக்கு முதலில் அழுகைகூட வரவில்லை. வேலி ஓரம் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மாணவன் நின்றுகொண்டிருந்தான். அப்பா அவனிடம், வேலை செய்யறவர் எதுக்கு ஏறுறார், என்று கேட்டார்.

"கேப்டன் வெச்ச ரூல் சார். எஞ்சின்ல எதுனா மாத்தினா மொத ரவுண்டு, கையெழுத்து போட்டவர்தான் பக்கத்துல உக்காரணும்."

"எதை மாத்தினாலுமா?"

"ஆமா சார். ஒரு பட்டைய மாத்தினாலும்."

அப்பா கதவில் இருந்து முதுகை எடுத்தார். மெதுவாக நடந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அம்மாவுக்கு அந்த ரூல் முன்பே தெரியும் போலிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த ரூல் அநியாயமாகப் பட்டது. வாக்குக் கொடுத்தது என்னிடம். இவர்தான் தினமும் இதோடு இருக்கிறாரே, முதல் சுற்றும் இவருக்கே வேண்டுமா? விமானம் ஓடுதளத்தில் உருண்டு போய், அந்தக் கோடியில் திரும்பி, சத்தத்தை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடியது. சக்கரம் தரையை விட்டது. காய்ந்த மலைக்கு எதிரில் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. பாலாற்றுப் பக்கம் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. பள்ளிகொண்டா பக்கமும் போகவில்லை. எங்கள் தலைக்கு மேலேயே ஒரு வட்டம், அது முடிந்ததும் இன்னொரு வட்டம், ஓடுதளத்தை விட்டு நகராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. போக இடமில்லாமல் அங்கேயே சுற்றுவதற்கு இவருக்கு எதற்குச் சீட்டு? என்னை வெறுப்பேற்றத்தான் இப்படிச் செய்கிறார் என்று உறுதியாகிவிட்டது.

அது என் சீட்டு, என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் கை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தினார்கள். வெயிலில் கண் கூசியது, ஆனால் ஒருவரும் பார்வையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, முறைத்துக்கொண்டே நின்றேன். மாமா கீழே வரட்டும் என்று மூன்று பேரும் ஒரே கோபத்தில் காத்திருக்கிறோம் என்று நினைத்தேன். இத்தனை நாள் கழித்து வீடே ஒன்றாக என் பக்கம் சேர்ந்ததில், சீட்டு போனாலும், எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.